வந்த பெயரும் எடுத்த பெயரும்

கல்லறைத் தோட்டத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, என்றோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரரின் பெயருக்கு நான் பவுடர் பூசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அக்கா குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்டோபர் மாதம். முதல்நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. வெயில் மட்டும் மழையே பெய்யாதது மாதிரி அடித்தது. குழந்தைகளுக்குப் போடும் பவுடர் டப்பா ஒரு கையில், பழைய டூத் பிரஷ் இன்னொரு கையில். தூரத்தில் யாரோ ஒரு அம்மாள் கணவரின் கல்லறையைக் கழுவிக்கொண்டே எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"கோதுமை மாவுதானடா போடச் சொன்னா அந்த ஜெர்மன் பொம்பள?" என்றாள் அக்கா.

"மாவும் போடலாம்னுதான் எழுதியிருந்தாங்க. நீதான வேணான்ன."

"மாவு போட்டா எறும்பு வரும். செத்தவர நிம்மதியா விட வேணாமா?"

தலைமுறை தலைமுறையாக நாங்கள் அடித்த சுண்ணாம்பு வழிந்து, கருங்கல் பலகையின் எழுத்துப் பள்ளங்களை அடைத்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பவுடரைத் தூவி, மேலாகத் துடைத்தேன். எழுத்துகள் பளிச்சென்று எழுந்து வந்தன. 'இங்கே இளைப்பாறுகிறார் ழான் கெஸ்லர், சிப்பாய், ஜெர்மனியில் பிறந்தவர்' என்று பிரெஞ்சில் இருந்தது. கீழே ஆண்டு இருந்த மூலை உடைந்துபோய், பதினேழு என்ற முதல் இரண்டு இலக்கம் மட்டும் மிச்சம்.

நான் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருப்பவன். ஒரு நூல் பிசகினாலும் என் கண்ணில் பட்டுவிடும். கெஸ்லர் என்ற பெயரில் வரும் இரண்டு எஸ்களில் முதலாவது கொஞ்சம் பின்னால் சாய்ந்து நின்றது. கடைசி எழுத்தான ஆரின் கால், தேவையே இல்லாமல், பலகையின் விளிம்பு வரைக்கும் நீண்டு போயிருந்தது. உளி வழுக்கியிருக்க வேண்டும். கல்தச்சன் என்ன திட்டு வாங்கினானோ என்று நினைத்துக்கொண்டு போனில் படம் எடுத்தேன்.

இருநூறு வருஷ வெயில்

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் தொடரில், பட்டறையில் என் விரல் நசுங்கிய கதையைப் படித்துவிட்டு, விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். விரல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. 'லூயி கெஸ்லர் என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, நீங்கள் தமிழர்தானா?' என்று கேட்டிருந்தார். ஐயா, இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஒரு வருஷமாக அலைந்தேன்.

சின்ன வயதில் எங்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது. நாங்கள் ஜெர்மன்காரர்கள். அப்பா அப்படித்தான் சொல்லி வளர்த்தார்.

அப்பா ஒரு மில்லில் டைம்கீப்பர். ஒரு நிமிஷம் பிந்தாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவார். கேட்டால் ஜெர்மன் ரத்தம் என்பார். நான் பழைய ரேடியோவைப் பிரித்து மறுபடி மாட்டினேன், ஜெர்மன் ரத்தம். கணக்கில் பெயில் ஆனேன். அது மட்டும் அம்மா வழி, அரியாங்குப்பம் ரத்தம்.

அப்பா நல்ல கறுப்பு. நாங்களும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள் ஒருத்தி, 'ஜெர்மன்காரங்கன்னா ஏன்டி இந்த கலர்ல இருக்கீங்க?' என்று அக்காவைக் கேட்டிருக்கிறாள். 'இங்க வந்து இருநூறு வருஷமாச்சு. இருநூறு வருஷ வெயில்ல நின்னு பாரு, நீயும் கறுத்துடுவ' என்று பதில் சொல்லிவிட்டு வந்தாள் அக்கா. அன்று இரவு அப்பா அவளுக்கு இரண்டு வாழைப்பழம் கூடுதலாகக் கொடுத்தார்.

வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு, அப்பா சுண்ணாம்பு கரைப்பார். தாத்தா கல்லறைக்கு அடிப்பதற்கு முன்னால் ழான் கெஸ்லருக்குத்தான் முதல் பூச்சு. அவர் காலத்துக்குப் பிறகு அந்தச் சுண்ணாம்பு மட்டையை நான் எடுத்துக்கொண்டேன்.

ரெனோன்சான்கள்

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் தமிழ் முகமும் ஐரோப்பியக் குடும்பப் பெயருமாக நடமாடுகிற பலருக்கு ஐரோப்பாவில் ஒரு சித்தப்பா கூடக் கிடையாது.

நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வழி திறந்தார்கள். சாதி வழக்கம், மத வழக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வருகிறேன் என்று அதிகாரி முன்னால் கையெழுத்துப் போடலாம். போட்டவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். போடும்போதே குடும்பத்துக்கு ஒரு பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். சிலர் பிடித்த புனிதரின் பெயரை எடுத்தார்கள், சிலர் துரையின் பெயரை, சிலர் பூவின் பெயரை. ஒரு கையெழுத்தில் சாதிக்கு வெளியே வந்துவிடலாம் என்று நம்பி வந்தவர்கள் அதில் நிறைய.

அப்பாவுக்கு அவர்களைக் கண்டால் இளக்காரம். "அவங்கல்லாம் பேரு எடுத்தவங்க. நமக்குப் பேரு வந்தது. எடுத்த பேருக்கும் வந்த பேருக்கும் வித்தியாசம் இருக்கு" என்பார்.

அந்த வித்தியாசத்தை அவர் வாயோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் இன்று இதை எழுத வேண்டியிருக்காது.

அந்தோணி சார்

மார்கரீத் அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பிரெஞ்சு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். உண்மையில், அவள் வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் அந்தோணி என்று ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். எனக்கு டியூஷன் எடுக்க சைக்கிளில் வருவார். எனக்குக் கணக்கு வந்ததோ இல்லையோ, அவர் வருகிற நாளில் அக்கா மல்லிகை வைத்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அவரே அப்பாவிடம் வந்து கேட்டார். தனியாக, பெரியவர்கள் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் வந்தார்.

அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் போன பிறகு சொன்னார்: "அவங்க தாத்தா முனிசிபாலிட்டியில தெரு கூட்டினவரு. தெரியுமா உனக்கு? ஜெர்மன்காரன் வம்சத்துல வந்த பொண்ண அந்த வீட்டுக்குக் குடுக்கணுமா?"

அக்கா சமையற்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அன்றிலிருந்து அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டு வைப்பாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், கடைசி வருஷங்களில் அவரைக் குளிப்பாட்டியதும் அவள்தான். பேச்சு மட்டும் இல்லை. அந்தோணி சார் இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, காரைக்காலுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் அக்கா ஜெர்மன் கதையை விடவில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருள் என்பதால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாளோ என்று எனக்குத் தோன்றும். தேடத் தொடங்கலாம் என்று என்னைக் கிளப்பியதும் அவள்தான். "சாவறதுக்குள்ள அந்த ஊர் பேராவது தெரிஞ்சுக்கணும்டா லூயி" என்றாள்.

பீப்பாய்க்காரர் மகன்

வம்சம் தேடுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பெரிய சந்தையே இருக்கிறது. அங்கே கெஸ்லர் என்று போட்டுத் தேடினால் ஜெர்மனியில் பாதிப் பேர் கெஸ்லராக இருப்பார்கள் போலிருந்தது. அக்கா பிரெஞ்சில் ஒரு விளம்பரம் எழுதிப் போட்டாள். மூன்று வாரம் கழித்து ஊர்சுலா என்று ஒரு அம்மையார் பதில் எழுதினார்.

ரைன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாய்வழியில் கெஸ்லர். பழைய கோயில் பதிவேடுகளைப் படிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. நமக்கெல்லாம் சீரியல் எப்படியோ அப்படி. பவுடர் யோசனை சொன்னவர் அவர்தான்.

கல்லின் படத்தை அனுப்பிய பத்தாவது நாள் அவரிடமிருந்து வந்த கடிதத்தை அக்கா சத்தமாகப் படித்தாள். பீப்பாய் செய்பவர் ஒருவரின் நான்காவது மகன் யோஹான் கெஸ்லர். யோஹான்தான் பிரெஞ்சில் ழான். ஞானஸ்நானப் பதிவு கிடைத்துவிட்டது. அதன் ஓரத்தில், பின்னாளில் வேறு மையில், 'பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தியா போனான்' என்று ஒரு வரி.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அன்று மாலையே கடைக்குப் போய் கேக் வாங்கி வந்து, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "எங்க ஊரு கெடச்சிருச்சு" என்றாள்.

அடுத்த கடிதம்தான் சிக்கல். இங்குள்ள பழைய கோயில் புத்தகத்தின் நகல் ஒன்றையும் ஊர்சுலா எப்படியோ பிடித்துவிட்டார். யோஹான் புதுச்சேரியில் காய்ச்சலில் இறந்தபோது வயது இருபத்தாறு. மணமாகாதவர். பிள்ளைகள் இருந்ததாக ஒரு சொல்லும் இல்லை. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் புதுச்சேரியில் கெஸ்லர் என்ற பெயரில் ஒரு ஞானஸ்நானம் இல்லை, கல்யாணம் இல்லை, சாவு இல்லை. பிறகு திடீரென்று எங்கள் கொள்ளுத்தாத்தா கெஸ்லர் என்ற பெயரோடு கல்யாணம் செய்துகொண்டு நிற்கிறார்.

'நூறு வருஷம் ஒரு குடும்பம் பிறக்காமலும் சாகாமலும் இருக்க முடியாது, அன்புள்ள லூயி' என்று எழுதியிருந்தார். 'உங்கள் ஊரில் இந்தப் பெயர் முதலில் எழுதப்பட்ட தாளைத் தேடுங்கள்.'

"சண்டையில எரிஞ்சிருக்கும், கரையான் தின்னிருக்கும்" என்றாள் அக்கா. எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் தூக்கம் வரவில்லை. அந்த நூறு வருஷம் போல்ட் கழன்ற இடம் மாதிரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பக்கத்தின் அடியில்

பழைய பதிவேடுகள் இருக்கும் அலுவலகத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். அக்காவுக்கு முட்டி வலி, மாடிப்படி ஏற முடியாது.

அங்கே செல்வி மேடம் என்று ஒருவர். லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். பிரெஞ்சு பேச வராது, ஆனால் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்பதுவரை தெரியும். நான் பெயரைச் சொன்னதும் கேட்டார்:

"ரெனோன்சியாசியோன் ரெஜிஸ்தர் பாத்தீங்களா சார்?"

"நாங்க ரெனோன்சான் இல்லீங்க மேடம். எங்களுக்கு வந்த பேரு."

"இங்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

அவர் கொண்டுவந்து வைத்த புத்தகத்தின் தோல் அட்டை பொடிந்து என் சட்டையெல்லாம் ஒட்டியது. இரண்டு நாள் புரட்டினேன். மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அது வந்தது.

சவரிமுத்து என்பவர், தம் பெயரிலும், மனைவி, மைனர் பிள்ளைகள் பெயரிலும், தம் வழக்க உரிமைகளைத் துறந்து, இன்று முதல் கெஸ்லர் என்ற குடும்பப் பெயரை ஏற்கிறார். பிள்ளைகள் வரிசையில் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இரண்டாவதாக இருந்தது. சவரிமுத்துவின் தொழில் என்ற இடத்தில் ஒரு பிரெஞ்சு வார்த்தை. அது எனக்குத் தெரியவில்லை.

"குழி வெட்டறவரு சார். கல்லறத் தோட்டத்து ஆளு" என்றார் செல்வி மேடம். இந்த வார்த்தை அவருக்கு வேறு பக்கங்களிலும் வந்திருக்கிறது.

நான் பக்கத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தேன். மற்ற பக்கங்களில் படித்தவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், படிக்காதவர்கள் சிலுவைக் குறி. இந்தப் பக்கத்தில் இரண்டும் இல்லை. கெஸ்லர் என்ற பெயர், பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றாக வரைந்திருந்தது. எழுதியதல்ல, வரைந்தது. முதல் எஸ் பின்னால் சாய்ந்திருந்தது. கடைசி ஆரின் கால், பக்கத்தின் விளிம்பு வரைக்கும் நீண்டு போயிருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். பெயர் ஒன்று எடுத்துக்கொண்டு வா என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் அவர் தினமும் கூட்டிப் பெருக்கிய கற்களில்தான் இருந்தன. அதிலும் கேட்பதற்கு ஆளில்லாத ஒரு கல்லாகப் பார்த்து எடுத்திருக்கிறார். உரிமை கொண்டாட வராத ஒருவரிடமிருந்துதானே பெயரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள முடியும். உளி வழுக்கிய இடத்தைக்கூட விடாமல், எத்தனை நாள் மண்ணில் எழுதிப் பழகினாரோ.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது, சொல்ல முடியாது. இருநூறு வருஷ ஜெர்மானியன் போய்விட்டான் என்ற வருத்தம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"இந்தப் பக்கத்துக்கு ஏற்கனவே ஒரு தரம் நகல் குடுத்திருக்காங்க சார்" என்றார் செல்வி மேடம். விரலால் ஓரத்தைக் காட்டினார்.

நகல் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு சின்னக் குறிப்பு. கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் நான் ஏமாற முடியாது. ரேங்க் கார்டில் நானே பல தடவை போட்டுப் பழகியது. அப்பாவுடையது.

தேதியைப் பார்த்தேன். அக்கா அப்போது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த சிறுமி. ஊர் இந்தியாவோடு சேர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று எல்லாரையும் கேட்ட சமயம். தெருவில் பலர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பா மட்டும் கொடுக்கவில்லை. 'ஜெர்மன்காரன் போய் பிரெஞ்சுக்காரன்கிட்ட கை கட்டி நிப்பானா?' என்று சொன்னதாக அம்மா பெருமையாகச் சொல்வாள். தாள்களைச் சேர்க்கப் போனவர் இந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். இதைக் காட்டிக் குடியுரிமை வாங்குவதைவிட, அதுவே வேண்டாம் என்று விட்டிருக்கிறார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஆக, அந்தோணி சார் வந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, அவரை உட்காரச் சொல்லாமல் அப்பா பேசியபோது, அப்பாவுக்குத் தெரியும்.

போனில் படம் எடுத்தேன். பக்கத்தின் ஓரம் வராமல் பார்த்து எடுத்தேன்.

திருநாள் அன்று

வீட்டில் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. ஊர்சுலாவுக்கு மட்டும் எழுதினேன். மன்னிக்க வேண்டும், நாம் சொந்தம் இல்லை என்று. ஒரே வரியில் பதில் வந்தது: 'அருமை! சவரிமுத்துவின் அப்பா பெயரும் அதில் இருக்கிறதா? அங்கிருந்து தொடங்குவோம்.'

கல்லறைத் திருநாள் வந்தது. தோட்டம் முழுக்க ஜனம், சாமந்தி வாசனை, ஊதுவத்திப் புகை. காற்றில் மெழுகுவர்த்தி அணைய அணைய எல்லாரும் கையை வளைத்து மூடிக்கொண்டிருந்தார்கள். ழான் கெஸ்லரின் கல்லறை, என் கைப்படப் பூசிய புதுச் சுண்ணாம்பில் கண் கூசியது. அக்கா மூன்று மெழுகுவர்த்தி ஏற்றினாள். சிலுவை போட்டுக்கொண்டு தொடங்கினாள்: "எங்கள் முப்பாட்டனார் ழான் கெஸ்லருடைய ஆத்துமா..."

எனக்குத் தாங்கவில்லை. "அக்கா. இவரு நம்ம முப்பாட்டனாரு இல்ல."

"ஜெபம் பண்ணும்போது இன்னாடா பேச்சு?"

போனை நீட்டினேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். தொழில் என்ற இடத்தில் அவளுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு தடவை படித்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கி, கீழே வரைந்திருந்த எழுத்துகளைப் பார்த்தாள். குனிந்து கல்லைப் பார்த்தாள். ஆரின் நீண்ட காலை விரலால் கடைசி வரை தடவினாள்.

"எழுதத் தெரியாதாடா அவருக்கு?"

"தெரியாதுக்கா. பாத்து வரைஞ்சிருக்காரு."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்காரு" என்றாள், விடைத்தாள் திருத்துகிற குரலில்.

பிறகு கல்லறையின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். புதுச் சுண்ணாம்பு புடவையில் ஒட்டுமே என்றுகூடப் பார்க்கவில்லை.

"அந்தோணியோட தாத்தா தெரு கூட்டினாரு. நம்ம ஆளு குழி வெட்டினாரு" என்றாள். "ஒருவேள ரெண்டு பேரும் பழக்கமா இருந்திருப்பாங்க இல்ல?"

"இருக்கும்க்கா."

"அப்பாவுக்கு இது தெரியுமாடா?"

நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அவள் அப்படிப் பார்த்தால் இன்றும் ரேங்க் கார்டைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருப்பவன்தான் நான்.

"தெரிஞ்சிருக்காதுக்கா. தெரிஞ்சிருந்தா அப்படிப் பண்ணியிருப்பாரா?" என்றேன்.

அவள் மெல்லத் தலையாட்டினாள். "ஆமாண்டா. தெரியாமத்தான் பண்ணியிருக்காரு. பாவம்."

மூன்று மெழுகுவர்த்தியில் ஒன்றை எடுத்துக்கொண்டு அப்பாவின் கல்லறைக்கு நடந்தாள். அத்தனை வருஷத்தில் அங்கே அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அன்று குனிந்து ஏதோ பேசினாள். நான் தள்ளியே நின்றேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பாவசங்கீர்த்தனம்

அந்த நினைப்பு இரண்டு வாரம் தாங்கியது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறாளாம். உனக்கென்ன அப்படிப் பெரிய பாவம் என்று நான் கேலி செய்தேன்.

"நாப்பது வருஷத்துக்கு மேல பெத்த தகப்பன்கிட்ட பேசாம இருந்தேனேடா. தண்ணி கேட்டாக்கூட பதில் சொல்லாம எடுத்து வெச்சேன். சாகும்போது மார்கரீத்து மார்கரீத்துன்னு கூப்பிட்டாரு. நான் வாயே தொறக்கல. ஒண்ணும் தெரியாத மனுஷன அப்படி வதைச்சுட்டேன். சாமிகிட்ட சொல்லிட்டா கொஞ்சம் ஆறும்" என்றாள்.

போய்விட்டு வந்தாள். ஆறவில்லை. அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். இப்போது அப்பாவின் படத்துக்கு முன்னால் தினமும் முழங்கால் போடுகிறாள், முட்டி வலியோடு. அப்பாவைக் காப்பாற்ற நான் சொன்ன ஒரு பொய், குற்றத்தை அப்படியே தூக்கி அக்காவின் தலையில் வைத்துவிட்டது.

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை அவள் அறை வாசல்வரை போனேன். காபி வேணுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு இந்த விஷயத்தில் நாக்கு எழாது போலிருக்கிறது. சவரிமுத்து ஒருவருக்குத்தான் தைரியம் இருந்தது. இன்னார் மகன், இன்ன தொழில் என்று அதிகாரி முன்னால் சொல்லி, அதை எழுத விட்டு, அடியில் வரைந்தும் கொடுத்தார்.

அக்கா இந்தப் பத்திரிகை வந்ததும் முதலில் என் பக்கத்தைத்தான் புரட்டுவாள். கையில் பேனா இருக்கும். என் பிழைகளைச் சுழித்து வைப்பாள். ஆகவே வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இனி எழுதுவது ஒருத்திக்குத்தான்.

அக்கா, அன்றைக்கு நான் பொய் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. அந்தோணி சார் நம் வீட்டு வாசலுக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே போட்ட கையெழுத்து. உன் கோபம் பாவம் இல்லை. நீ யாரிடமும் போய் மண்டியிட வேண்டாம்.

நான் இன்று பட்டறைக்குப் போகவில்லை. பின்கட்டில்தான் இருக்கிறேன். படித்து முடித்ததும் கூப்பிடு.